டோலமைட் பாறையைப் படிப்பது எப்படி? படிந்த கதையும் மாறிய கதையும்: ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிர் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக ஒரு பாறை நிற்கிறது. பார்த்தவுடன் சுண்ணாம்புக்கல் என்றுதான் சொல்லத் தோன்றும். அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுகிறீர்கள். சுண்ணாம்புக்கல் என்றால் அந்த நொடியே நுரைத்துப் பொங்கியிருக்கும். இந்தக் கல்லோ சும்மா கிடக்கிறது. கத்தி முனையால் அதே இடத்தைச் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் இன்னொரு சொட்டு விடுங்கள். இப்போது மெல்லக் குமிழி கிளம்பும்.

பிரெஞ்சு நிலவியலாளர் தியோதா தெ டோலோமியூ, அமிலத்தில் சரியாகப் பொங்காத இந்த 'சுண்ணாம்புக்கல்லை'ப் பற்றி 1791இல் எழுதினார். அடுத்த ஆண்டே நிக்கோலா தியோடோர் தெ சொசூர் அதைப் பகுத்துப் பார்த்து, டோலோமியூவின் பெயரையே கல்லுக்கு வைத்தார். வட இத்தாலியில் இருக்கும் டோலமைட்ஸ் மலைத்தொடருக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. மனிதரிடமிருந்து கல்லுக்கு, கல்லிடமிருந்து மலைக்கு என்று பெயர் போயிருக்கிறது. பலர் இதைத் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாறையைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஒரு மணற்கல்லிடம் "நீ எங்கே, எப்படிப் படிந்தாய்?" என்று கேட்டால் ஒரு பதில் வரும். டோலமைட்டிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதலில் எந்தக் கடலில், எந்த ஆழத்தில், என்னவாகப் படிந்தது? பிறகு எப்போது, எந்த நீரால் டோலமைட்டாக மாறியது? முதலாவதைப் படிந்த கதை என்றும் இரண்டாவதை மாறிய கதை என்றும் இங்கே சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவே சில நூறு ஆண்டுகள் இருக்கலாம், பத்து கோடி ஆண்டுகளும் இருக்கலாம். இரண்டையும் கலந்து எழுதினால் குறிப்பேடு முழுக்கக் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் குறிப்பேட்டின் பக்கத்தை முதலிலேயே இரண்டாகக் கோடிட்டுப் பிரித்துவிடுங்கள்: இடப்பக்கம் படிந்தது, வலப்பக்கம் மாறியது.

தொடங்கும் முன்: கல்லும் கனிமமும்

டோலமைட் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கால்சியம், மெக்னீசியம், கார்பனேட் மூன்றும் சேர்ந்த ஒரு கனிமத்துக்கு அந்தப் பெயர். அந்தக் கனிமம் பெரும்பகுதியாக இருக்கும் பாறைக்கும் அதே பெயர். பாறையை டோலோஸ்டோன் என்று தனியாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே இரண்டையும் டோலமைட் என்றே எழுதுகிறேன், குழம்பும் இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

கனிமத்தின் உள்ளமைப்பை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் படிகத்தில் கால்சியம் ஒரு தளம், கார்பனேட் ஒரு தளம் என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். டோலமைட்டில் கால்சியம் தளம், கார்பனேட் தளம், மெக்னீசியம் தளம், மறுபடி கார்பனேட் தளம் என்று போகும். கால்சியமும் மெக்னீசியமும் ஒரே தளத்தில் கலந்து உட்காரக் கூடாது. இந்த ஒழுங்குதான் டோலமைட்டின் அடையாளம், அதன் எல்லாச் சிக்கலுக்கும் மூலமும் இதுதான். தூய டோலமைட்டை எடைக் கணக்கில் பார்த்தால் மெக்னீசியம் ஆக்சைடு 21.9 சதவீதம், கால்சியம் ஆக்சைடு 30.4 சதவீதம், மீதி கார்பன் டை ஆக்சைடு.

களத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெருக்கும் கைலென்சு, சுத்தியல், பாதுகாப்புக் கண்ணாடி, எஃகுக் கத்தி, துளிக்குப்பியில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், கையுறை, அளவு நாடா, திசைகாட்டி, பென்சில். அமிலத்தை நீர்த்த நிலையிலேயே வாங்குவது நல்லது. நீங்களே கலப்பதாக இருந்தால் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றவே கூடாது. அப்புறம், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் சுத்தியல் பைக்குள்ளேயே இருக்கட்டும். டோலமைட்ஸ் மலைத்தொடர் 2009 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். அங்கே உடைக்காமலேயே பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

படி 1: கல்லைத் தொடாதீர்கள், மலையைப் பாருங்கள்

கல்லுக்கு அருகே போகும் ஆசையை அரை மணி நேரம் அடக்குங்கள். எதிர்ச் சரிவில் நின்று முழு மலைமுகத்தையும் வரையுங்கள். ஓவியம் அழகாக இருக்க வேண்டாம், கோடுகள் சரியாக இருந்தால் போதும். பாறை அடுக்கடுக்காக இருக்கிறதா, அடுக்கே தெரியாத ஒரே பாளமாக நிற்கிறதா? அடுக்குகள் கிடையாகப் போகின்றனவா, ஒரு பக்கமாகச் சரிந்து இறங்குகின்றனவா? அந்தப் பாளம் பக்கவாட்டில் எதில் போய் முடிகிறது?

இந்தக் கேள்விகளுக்கு டோலமைட்ஸ் மலைகளை விடச் சிறந்த பாடசாலை கிடையாது. அங்கே செல்லா, ஷ்லேர்ன் போன்ற மலைகள் தனித்தனி மேசைகள் போல எழுந்து நிற்கின்றன. நடுவே தாழ்ந்த பகுதிகளில் மென்மையான களிப்பாறைகளும் எரிமலைச் சாம்பல் கலந்த படிவுகளும் இருக்கின்றன. மேசையின் ஓரங்களில் கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வில் அடுக்குகள் இறங்கிப்போய் அந்தக் களிப்பாறைக்குள் விரல் கோத்தது போல நுழைகின்றன. 1860இல் ஃபெர்டினாண்ட் ஃபான் ரிச்தோஃபன் இதைப் பார்த்துவிட்டு, ஷ்லேர்ன் ஒரு பழைய பவளத்திட்டு என்று எழுதினார். இன்று நிற்கும் மலைகளும் பள்ளங்களும் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டிரயாசிக் காலக் கடலின் மேடுபள்ளங்களேதான். மேசை அன்று கடல்மட்டத்தை ஒட்டி வளர்ந்த திட்டு, பள்ளம் அன்றைய ஆழ்கடல். அந்தத் திட்டுகளைக் கட்டியதில் பவளத்தை விட நுண்ணுயிர்கள் இறுக்கிய சுண்ணாம்புச் சேற்றின் பங்கு பெரிது என்பது பிறகு தெரிய வந்தது. ஆனால் வடிவத்தை மட்டும் வைத்து ரிச்தோஃபன் சொன்ன அடிப்படை நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திட்டின் வடிவம் படிந்த கதையைச் சேர்ந்தது. பாறை பிறகு டோலமைட்டாக மாறியபோதும் வடிவம் கலையவில்லை. அதே மலைத்தொடரின் மிக உயரமான மலை மர்மோலாடா, 3343 மீட்டர். அது பெரும்பாலும் டோலமைட்டே இல்லை, சுண்ணாம்புக்கல். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி வளர்ந்த திட்டுகளில் ஒன்று மாறியிருக்கிறது, இன்னொன்று மாறவில்லை. இரண்டு கதைகளும் வேறு வேறு என்பதற்கு இதை விட வெளிப்படையான சாட்சி எனக்குத் தெரியாது.

படி 2: அது டோலமைட்தானா?

முதலில் வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரைந்து வழவழப்பாகவோ பள்ளம் பள்ளமாகவோ இருக்கும். டோலமைட் மெதுவாகக் கரையும். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கங்கள் விழுந்து யானைத்தோல் போலத் தெரிவது வழக்கம். படிகத்துக்குள் சிறிது இரும்பு இருந்தால், உள்ளே சாம்பலாக இருக்கும் கல் வெளியே மணல் நிறத்திலோ பழுப்பாகவோ மாறியிருக்கும். உடைத்த முகத்தைக் கைலென்சில் பார்த்தால் சர்க்கரைக் கட்டியை உடைத்தது போன்ற பளபளப்பு தெரியும்.

அடுத்து அமிலம். புதிதாக உடைத்த முகத்தில் ஒரு சொட்டு, சுரண்டிய பொடியில் ஒரு சொட்டு. முகத்தில் அமைதி, பொடியில் மெல்லிய குமிழி என்றால் டோலமைட் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனை ஏமாற்றும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்லுக்குள் மெல்லிய கால்சைட் நரம்பு ஓடினால் அந்தக் கோட்டில் மட்டும் நுரை பொங்கும், அதை வைத்து முழுக் கல்லையும் சுண்ணாம்பு என்று சொல்லிவிடாதீர்கள். சுத்தியல் பட்ட இடத்தில் ஏற்கெனவே பொடி ஒட்டியிருக்கும், அங்கே டோலமைட்டும் குமிழிக்கும். மாக்னசைட் என்ற மெக்னீசியம் கார்பனேட் கனிமமும் குளிர்ந்த அமிலத்தில் சும்மாதான் இருக்கும். ஆகவே "பொங்கவில்லை" என்பது மட்டுமே தீர்ப்பாகாது.

எடையும் உதவும். கால்சைட்டின் ஒப்படர்த்தி 2.71, டோலமைட்டுக்கு ஏறத்தாழ 2.86. துளையில்லாத ஒரு துண்டைக் காற்றில் ஒருமுறையும் நீரில் தொங்கவிட்டு ஒருமுறையும் எடை போட்டால் கணக்கிட்டுவிடலாம். துளை நிறைந்த கல்லில் இதை முயலாதீர்கள். கடினத்தன்மையில் டோலமைட் 3.5 முதல் 4, கால்சைட் 3. கத்தி இரண்டையும் கீறும் என்பதால் களத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகப் பயன்படாது.

படி 3: படிந்த கதையை எழுதுங்கள்

இனி இடப்பக்கம் மட்டும். கல் டோலமைட் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மாறுவதற்கு முன் அது என்ன சேறு, என்ன மணல் என்று கேளுங்கள். கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்கையும் அளந்து, ஒரு நெடுக்குப் படமாக வரையுங்கள். இந்த வேலையில் அவசரப்படாதீர்கள். ஒரு நாளில் இருபது மீட்டர் ஒழுங்காக அளந்தால் போதும். ஓடி ஓடி இருநூறு மீட்டர் பார்ப்பதை விட அதில் அதிகம் கிடைக்கும்.

எதைத் தேட வேண்டும்? கடற்கரையை ஒட்டிய அடையாளங்களிலிருந்து தொடங்குங்கள். மெல்லிய, அலையலையான, பாய் விரித்தது போன்ற வரிகள் தெரிந்தால் அது ஸ்ட்ரோமடோலைட்டாக இருக்கலாம். நீலப்பசும் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் பாயாகப் படர்ந்து, சேற்றைப் பிடித்துக் கட்டியதன் தடம் அது. தட்டையாக இருந்தால் ஓதம் ஏறி இறங்கும் சேற்றுவெளி என்று பொதுவாகக் கொள்ளலாம். குவிமாடங்களாக எழும்பியிருந்தால் பெரும்பாலும் கொஞ்சம் ஆழமான, நீர் நிற்கும் இடம். வரிகளுக்கு நடுவே அரிசி அளவுக்கு வெள்ளை வெள்ளையாகக் கண்கள் தெரிகின்றனவா? சேறு காய்ந்து சுருங்கும்போதும் உள்ளே வாயு அடைபட்டபோதும் உண்டான இடைவெளிகள் பிறகு படிகத்தால் நிரம்பியவை அவை. இவற்றோடு சேற்று வெடிப்பும், வெடித்த துண்டுகளை அலை அள்ளிப்போட்ட சிறு கற்குவியலும் சேர்ந்து இருந்தால், அந்த இடம் அவ்வப்போது வெயிலில் காய்ந்தது உறுதி.

உப்பின் தடத்தையும் தேடுங்கள். கனசதுர வடிவ அச்சு இருந்தால் அங்கே உப்புப் படிகம் இருந்து கரைந்திருக்கிறது. வில்லை வடிவ அச்சு ஜிப்சத்துடையது. காலிஃபிளவர் போல முடிச்சு முடிச்சாக, உள்ளே குவார்ட்ஸ் நிரம்பிய உருண்டைகள் அன்ஹைட்ரைட் (நீரற்ற ஜிப்சம்) இருந்த இடத்தைக் காட்டுபவை. இந்த உப்புத் தடங்களைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள். மாறிய கதைக்கு வரும்போது முதலில் இவற்றைத்தான் திருப்பிப் பார்ப்போம்.

ஆழமான பக்கத்தில் சிப்பிகள், சிறு முத்துப் போன்ற ஊலைட் உருண்டைகள், நீரோட்டம் சாய்வாக அடுக்கிய குறுக்குப் படுகை, புழுக்கள் குடைந்த வளைகள் கிடைக்கும். ஆனால் டோலமைட்டாக மாறும்போது சிப்பி கரைந்து போய் அச்சு மட்டும் மிஞ்சியிருப்பது சகஜம். பார்த்துப் பழகிய கண் ஒரு வெற்றுக் குழியையும் உயிரெச்சமாகவே படிக்கும்.

இத்தாலிய மலைகளில் டோலோமியா பிரின்சிபாலே என்ற அமைப்பில் இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். டிரயாசிக் காலத்தின் பிற்பகுதியில், 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் படிந்தது அது. புகழ்பெற்ற த்ரே சீமே சிகரங்கள் இந்தப் பாறையால் ஆனவை. அடியில் மெகலோடான் வகைப் பெரிய இருவால்வுச் சிப்பிகளின் அச்சுகள் நிறைந்த தடித்த அடுக்கு, அதன் மேல் ஸ்ட்ரோமடோலைட் பாய், அதன் மேல் காய்ந்த வெடிப்பு. பிறகு மறுபடி சிப்பி அடுக்கு. இப்படி மீட்டர் மீட்டராக, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு. ஆழமில்லாத கடல், சேற்றால் நிரம்பி ஓதவெளியாகி, மறுபடி மூழ்கி, மறுபடி நிரம்பியிருக்கிறது. தரை தொடர்ந்து தாழ்ந்துகொண்டே இருந்ததால்தான் இவ்வளவு தடிமன் சேர முடிந்தது. இந்த ஓதவெளியில் டைனோசர்கள் நடந்த தடங்கள் பெல்மோ மலையில் கிடைத்திருக்கின்றன.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவின் மல்மானி டோலமைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் அது. சிப்பி இல்லை, பவளம் இல்லை, எந்த விலங்கும் இல்லை. ஸ்ட்ரோமடோலைட் மட்டும் சிறு வரியிலிருந்து மீட்டர்கணக்கில் நீளும் மேடுகள் வரை எல்லா அளவிலும் இருக்கிறது. இடையிடையே செர்ட் என்ற கடினமான சிலிக்காக் கல்லின் கருத்த பட்டைகள். இவ்வளவு பழைய பாறையில் ஆழத்தைச் சொல்ல ஸ்ட்ரோமடோலைட்டின் வடிவமும் வெடிப்பும் அலைத்தடமும்தான் துணை.

படி 4: ஏன் இது புதிர் என்று புரிந்துகொள்ளுங்கள்

வலப்பக்கத்துக்குப் போகும் முன் ஒரு நிறுத்தம். இந்தப் படியில் கையால் செய்ய ஒன்றுமில்லை, ஆனால் இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் அடுத்த படியில் தவறான முடிவுக்குத்தான் போவார்கள்.

இன்றைய கடல்நீரில் அணுக் கணக்கில் கால்சியத்தைப் போல ஐந்து மடங்கு மெக்னீசியம் இருக்கிறது. வேதிக் கணக்குப்படி கடல்நீரிலிருந்து டோலமைட் தானாகவே படிய வேண்டும். ஆனால் படிவதில்லை. கால்சைட்டும், அதே கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவமான அரகோனைட்டும்தான் படிகின்றன. பழைய பாறைகளிலோ மலை மலையாக டோலமைட். இதைத்தான் டோலமைட் புதிர் என்கிறார்கள்.

லிண்டன் லேண்ட் என்ற அமெரிக்க நிலவேதியியலாளர், டோலமைட் படிவதற்குத் தேவையானதைப் போல ஆயிரம் மடங்கு செறிவுள்ள கரைசலை 25 டிகிரி செல்சியஸில் 32 ஆண்டுகள் வைத்திருந்தார். டோலமைட் உருவாகவில்லை. 1998இல் அந்தத் தோல்வியை அப்படியே கட்டுரையாக வெளியிட்டார். அந்த நேர்மையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆய்வகத்தில் 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் டோலமைட் எளிதில் கிடைத்துவிடுகிறது. ஆகவே தடை வெப்பத்தோடும் வேகத்தோடும் தொடர்புடையது.

தடை என்ன? மெக்னீசியம் அயனி தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. அப்படியே வந்து சேர்ந்தாலும் கால்சியத்தின் இடத்தில் மெக்னீசியமும், மெக்னீசியத்தின் இடத்தில் கால்சியமும் உட்கார்ந்து ஒழுங்கு கெடும். ஒழுங்கு கெட்ட பரப்பின் மேல் அடுத்த தளம் வளராது. 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து இதற்கு ஓர் அழகான வழியைக் காட்டின. தவறாக உட்கார்ந்த அணுக்கள்தான் முதலில் கரையும். ஆகவே கரைசல் ஒருநிலையில் இல்லாமல், கொஞ்சம் வளர்த்து, கொஞ்சம் கரைத்து, மறுபடி வளர்த்து என்று மாறி மாறிப் போனால் தவறுகள் கழுவப்பட்டுவிடும். படிகத்தைக் கரைக்கும் எலக்ட்ரான் கற்றையை இரண்டு மணி நேரத்தில் 4000 முறை துடிக்கவிட்டு, ஏறத்தாழ 300 தளங்கள் வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு முன் ஆய்வகத்தில் ஐந்து தளத்துக்கு மேல் வளர்ந்ததில்லை. ஓதம் ஏறி இறங்கும் இடங்களிலும், மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் காயல்களிலும் இன்றும் கொஞ்சம் டோலமைட் உருவாவது ஏன் என்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு. பிரேசிலின் லாகோவா வெர்மேல்யா என்ற உப்புக்காயலின் சேற்றை ஆராய்ந்த கிறிசோகோனோ வாஸ்கோன்செலோஸும் ஜூடித் மெக்கென்சியும், சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாக்கள் இருக்கும்போது குறைந்த வெப்பத்திலேயே டோலமைட் உருவாவதை 1990களில் காட்டினார்கள்.

ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 40 சதவீதம் துளையுள்ள சுண்ணாம்புச் சேறு ஒரு கன மீட்டர் எடுத்துக்கொண்டால், அதை முழுக்க டோலமைட்டாக மாற்றச் சுமார் 200 கிலோ மெக்னீசியம் வேண்டும். ஒரு கன மீட்டர் கடல்நீரில் இருப்பது 1.3 கிலோ சொச்சம். ஒரு துளி மெக்னீசியமும் வீணாகாமல் எடுத்தாலும் 150 கன மீட்டர் கடல்நீர் அந்தச் சேற்றின் வழியே ஓடியிருக்க வேண்டும், நடைமுறையில் அதைப் போலப் பல மடங்கு. அப்படியானால் டோலமைட் மலையைப் பார்த்ததும் கேட்க வேண்டியது இதுதான்: அவ்வளவு நீரை இதன் வழியே எது தள்ளியது?

படி 5: மாறிய கதையை எழுதுங்கள்

விளக்கங்கள் பல இருக்கின்றன. எந்தப் பாறைக்கும் ஒன்றை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் தடம் வேறு.

வறண்ட கடற்கரைச் சேற்றுவெளியை முதலில் சோதியுங்கள். அபுதாபியின் சப்கா என்னும் உப்புவெளிகளில் இன்றும் நடப்பது இது. வெயிலில் நீர் ஆவியாகி ஜிப்சம் படிகிறது. ஜிப்சம் கால்சியத்தை எடுத்துக்கொண்டு போவதால் மிச்ச நீரில் மெக்னீசியத்தின் பங்கு ஏறுகிறது, சேறு மெல்ல டோலமைட்டாகிறது. இதன் தடங்கள்: மிக நுண்ணிய படிகம், மெல்லிய அடுக்குகளில் மட்டும் மாற்றம், ஓதவெளியின் மேற்பகுதியோடு ஒட்டிவருவது, படி 3இல் வட்டமிட்ட உப்பு அச்சுகள். வரிகள் எல்லாம் கலையாமல் அப்படியே இருக்கும்.

அதே உப்புநீர் கீழே இறங்கினால்? ஆவியாகிக் கனத்த நீர், காயலின் அடித்தரை வழியே கசிந்து, அடியில் இருக்கும் லேசான நீரைத் தள்ளிவிட்டுப் போகும். மேற்கு டெக்சாசில், டிரயாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலப் பாறைகளை வைத்து 1960இல் ஆடம்ஸும் ரோட்ஸும் முன்வைத்த கசிவு விளக்கம் இது. மலையளவு டோலமைட்டுக்குத் தேவையான நீரோட்டத்தை இது தருகிறது என்பதால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம். தடம்: மேலே ஜிப்சம் அல்லது அன்ஹைட்ரைட் படுகை, அதன் அடியில் தடித்த டோலமைட், கீழே போகப் போகக் குறைந்து சுண்ணாம்புக்கல்லில் முடிவது.

மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் டோலமைட் உருவாகிறது என்ற விளக்கம் 1970களில் பெரிதாகப் பேசப்பட்டது. இன்று அப்படிக் கலக்கும் இடங்களில் பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து போவதுதான் அதிகம், டோலமைட் அரிது. பழைய நூல்களில் இந்த விளக்கத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆழத்தில் புதைந்த பிறகு மாறியதென்றால் படிகங்கள் பெரிதாக இருக்கும், பழைய வரிகளும் சிப்பிகளும் அழிந்து மங்கியிருக்கும், ஓதவெளி அடுக்கு, ஆழ்கடல் அடுக்கு என்ற வேறுபாடே இல்லாமல் டோலமைட் பரவியிருக்கும். பாறை வெடிப்பின் வழியே வெந்நீர் ஏறி மாற்றியிருந்தால் இன்னும் தெளிவு. டோலமைட் அந்த வெடிப்பை ஒட்டியே இருக்கும், விலகிப் போனால் சட்டென்று சுண்ணாம்புக்கல் வந்துவிடும். வெடிப்பின் அருகே கறுப்பு வெள்ளையாக வரிக்குதிரைத் தோல் போன்ற பட்டைகளும், முகம் வளைந்து குதிரைச் சேணம் போல இருக்கும் முத்துநிறப் படிகங்களும் கிடைக்கும். சேணப் படிகம் சுமார் 60 டிகிரிக்கு மேல்தான் பொதுவாக வளரும், ஆகவே அது நல்ல வெப்பமானி. இப்படிப்பட்ட இடங்களில் ஈய, துத்தநாகத் தாதுவும் கூடவே இருக்கக்கூடும். மிசூரியில் ஈயம் தோண்டப்படும் பான்டேர் டோலமைட் இதற்குத் தெரிந்த உதாரணம்.

படி 6: ஆய்வக மேசையில்

களத்தில் எழுதிய வலப்பக்கத்தைச் சரிபார்க்க நான்கு வழிகள் போதும். எளியது சாயம். 1.5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலிட்டரில் 0.2 கிராம் அலிசரின் சிவப்பைக் கரைத்து, அறுத்து வழவழப்பாக்கிய கல்லை அரை நிமிடம் அதில் வைத்தால் கால்சைட் சிவக்கும், டோலமைட் நிறம் மாறாது. எந்தச் சிப்பி தப்பித்தது, எந்தத் துளை பிறகு நிரம்பியது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்தது, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் பார்ப்பது. சாய்சதுர வடிவப் படிகங்கள் தட்டையான முகங்களோடு இருந்தால் குறைந்த வெப்பத்தில் வளர்ந்தவை, முகமே இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால் அதிக வெப்பத்தில் மாறியவை என்று தொடங்கலாம். படிகத்தின் நடு மங்கி, ஓரம் தெளிந்திருந்தால் இரண்டு கட்டமாக வளர்ந்திருக்கிறது. எலக்ட்ரான் கற்றை பட்டு ஒளிரும் கருவி இருந்தால் இந்த வளையங்கள் மரத்தின் ஆண்டு வளையம் போலத் தெரியும்.

எக்ஸ்-கதிர்ச் சோதனையில் டோலமைட்டின் முதன்மைக் கோடு ஏறத்தாழ 2.89 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தள இடைவெளியில் வரும், கால்சைட்டுக்கு 3.04 அளவில். தளங்கள் ஒழுங்காக மாறி மாறி அடுக்கியிருந்தால் மட்டுமே தோன்றும் கூடுதல் கோடுகளும் உண்டு. அவை மங்கலாக இருந்தால் இன்னும் பக்குவப்படாத டோலமைட்.

ஐசோடோப்பை, அதாவது ஒரே தனிமத்தின் கனமான அணுக்களும் லேசான அணுக்களும் இருக்கும் விகிதத்தை, கடைசியில் பாருங்கள், முதலில் பார்க்காதீர்கள். ஒரே நீரில் வளர்ந்தால் டோலமைட்டின் ஆக்சிஜன், கால்சைட்டை விட ஆயிரத்தில் 3 அளவுக்குக் கனமாக இருக்கும். ஆவியான நீர் மதிப்பை மேலும் ஏற்றும், வெப்பம் இறக்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு காரணம் சாத்தியம் என்பதால், களக்குறிப்பு இல்லாமல் அந்த எண் எதையும் சொல்லாது.

படி 7: நிகழ்ச்சிகளை வரிசையில் வையுங்கள்

எது எதை வெட்டுகிறது என்பது மட்டும்தான் இங்கே விதி. வெட்டுவது இளையது, வெட்டுப்படுவது மூத்தது.

ஒரு கல்லைக் கற்பனை செய்துகொள்வோம். நுண்ணிய வரிகள் கொண்ட ஸ்ட்ரோமடோலைட், நடுவே வெள்ளைக் கண்கள், ஒரு ஜிப்ச அச்சு. வரிகள் நுண்படிக டோலமைட். இவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மேலிருந்து அழுத்திய பாரத்தால் உண்டான பல்பல்லான கரைவுக்கோடு ஒன்று ஓடுகிறது. அந்தக் கோட்டையும் வெட்டிக்கொண்டு ஒரு வெடிப்பு, அதற்குள் சேணப் படிகம், அதன் மேல் கடைசியாகக் கால்சைட். சரி, வரிசைப்படுத்துங்கள். ஓதவெளியில் பாய் படர்ந்தது, காய்ந்தது, ஜிப்சம் வளர்ந்தது, ஆழத்தில் புதைவதற்கு முன்பே முதல் டோலமைட் வந்துவிட்டது. பிறகு புதைந்து அழுத்தம் வந்தது. அதற்கும் பிறகு வெந்நீர் ஏறி இரண்டாம் டோலமைட் வந்தது. கடைசியில் பாறை மேலே எழும்பி மழைநீர் பட்டது. ஒரு கையளவு கல்லுக்குள் டோலமைட் இரண்டு முறை பிறந்திருக்கிறது. இதை அரைத்து மொத்தமாகச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் இரண்டும் கலந்து, எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாத ஒரு சராசரி எண் வந்திருக்கும்.

துளைகளையும் இந்த வரிசையில் சேருங்கள். கால்சைட் அணுவுக்கு அணு டோலமைட்டாக மாறினால் கனஅளவு 12 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். டோலமைட்டில் எண்ணெயும் நிலத்தடி நீரும் தங்க இடம் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் கூடுதலாகக் கார்பனேட் வந்து சேர்ந்தால் அந்தத் துளைகள் அடைபட்டும் போகும். ஆகவே துளை எப்போது வந்தது என்பதையும் கண்ணால் பார்த்தே எழுதுங்கள்.

படி 8: மிகப் பழைய பாறை என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம், முதலில் சுண்ணாம்புச் சேறு படிந்து பிறகு மாறியது என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. கேம்ப்ரியனுக்கு முந்தைய, அதாவது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கும் பழைய பாறைகளில் டோலமைட்டின் பங்கு மிகவும் அதிகம். நீண்ட காலம் இருந்ததால் மாற வாய்ப்பும் அதிகம் கிடைத்தது என்பது ஒரு விளக்கம். அன்றைய கடலே வேறு மாதிரி இருந்தது, ஆக்சிஜனும் சல்பேட்டும் குறைவு, நுண்ணுயிர்ப் பாய்கள் எங்கும் என்பது இன்னொன்று.

தென் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் இதை நேரடியாகப் பார்க்கலாம். சுமார் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகளாவிய பெரும் பனிக்காலம் ஒன்று முடிந்தது. பனியாறுகள் விட்டுச்சென்ற படிவின் மேல், கத்தியால் வெட்டி வைத்தது போல, நுக்கலீனா என்ற மணல்நிற டோலமைட் சில மீட்டர் தடிமனில் படிந்திருக்கிறது. எடியாகரன் என்ற நிலவியல் காலம் தொடங்குவதைக் குறிக்கும் உலகப் பொது எல்லை ('தங்க ஆணி') இதன் அடியில்தான் இருக்கிறது என்று 2004இல் ஏற்கப்பட்டது. நமீபியாவிலும் சீனாவிலும் அதே காலத்தில், அதே பனிப்படிவின் மேல், இதே போன்ற டோலமைட் மூடிகள் உண்டு.

இந்த மூடிகளில் படிகம் மிக நுண்ணியது. வரிகள் இழை இழையாகத் தெளிவாக இருக்கின்றன. ஜிப்சமோ உப்போ படிந்த தடம் பெரிதாக இல்லை, வெந்நீர் ஏறிய வெடிப்பைச் சார்ந்தும் இல்லை. கண்டங்கள் தாண்டி ஒரே நிலையில் வருகிறது. படி 5இல் சொன்ன எந்த நீரோட்டமும் இதற்கு எளிதில் பொருந்தாது. கடலடியிலேயே, படிந்த சேறு இறுகுவதற்குள் டோலமைட் உருவாகிவிட்டது என்று கொள்வதுதான் எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிறது. இப்படிப்பட்ட கல் கையில் கிடைத்தால், குறிப்பேட்டில் முதலில் இழுத்த அந்த நடுக்கோட்டை அழித்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பத்தியாக எழுதுங்கள்.